இருட்டறைக்குக் காற்று வந்த விதம்

திரைச்சீலைக் கடையில் அவளை ‘இருட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிச்சம் துளிகூட நுழையாதபடி கறுப்புத் திரை தைப்பதில் கெட்டிக்காரி. அப்படி ஒரு புகைப்பட ஸ்டூடியோவுக்குத் திரை மாட்டப் போனபோது, டெவலப்பர் மருந்து ஊற்றிய தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்துவிட்டாள். அன்றோடு மனசு அங்கேயே தங்கிவிட்டது. பழைய கேமரா ஒன்றும் படத்தைப் பெரிதாக்கும் கருவி ஒன்றும் வாங்கி, ஞாயிறுதோறும் வீட்டுக் குளியலறையை இருட்டறை ஆக்கினாள். மூடிய கடைகளும் அவற்றின் படிகளில் தூங்கும் பூனைகளுமாகப் படமெடுத்துத் தள்ளினாள்.

கணவர் ஏசி மெக்கானிக். “ஞாயித்துக்கிழமை குளிக்கணும்னா எனக்கு விசா வேணும்” என்று கிண்டலடிப்பார்.

குளியலறை ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, கதவின் உள்பக்கம் இரட்டைத் திரை தொங்கவிட்டிருந்தாள். வெளிச்சம் வரவில்லை, காற்றும் வரவில்லை. அது அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவளுடைய அக்கா ஊரிலிருந்து வருவதாக இருந்தது. குளியலறை பளிச்சென்று இருக்கட்டுமே என்று கணவர் தண்ணீர் போகும் துளையில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டு, ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அவளிடம் சொல்லவில்லை. அக்கா வருவதற்குள் ஒரு படத்தையாவது முடித்துவிடலாம் என்று அவள் உள்ளே நுழைந்தாள். வேலை முடிந்ததும், எப்போதும்போல, பயன்படுத்திய ஃபிக்ஸரை அதே துளையில் கவிழ்த்தாள். படம் மங்காமல் நிறுத்தும் அமிலக் கரைசல் அது. பவுடரில் பட்டதும் நுரைத்து, குப்பென்று ஒரு நெடி கிளம்பியது.

கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. தாழ்ப்பாளைத் தேடினால் கைக்கு அகப்பட்டதெல்லாம் அவளே தைத்த திரைதான். அப்போதுதான் படியேறிய கணவர் இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்து, தோளால் இடித்துக் கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் அக்கா காத்திருந்தாள்.

“பூனைப் படத்துக்காகவாடி உசிரை விடப் பார்த்தே? எல்லாத்தையும் தூக்கிப் போடு!”

“போட்டுடறேன்க்கா.” எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

அக்கா அப்போதே காரியத்தில் இறங்கினாள். அலமாரியிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் ஒன்றை எடுத்தவள், “இது என்ன, ஜூஸா?” என்றாள்.

“ஐயோ, அது படம் கழுவுற மருந்துக்கா!”

“நேத்து தாகத்துல இதைத்தான் எடுக்கப் போனேன்!” அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டக்கா அந்தப் பாட்டிலைப் பிடுங்கி, அலமாரியில் இருந்த மற்ற மருந்து பாட்டில்களையும் இறக்கினாள்.

அத்தனை மருந்தையும் எங்கே ஊற்றுவது என்று ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தாள். “செடிக்கும் வேணாம், சாக்கடைக்கும் வேணாம்மா. பயன்படுத்தின ஃபிக்ஸர்ல படத்துலேர்ந்து கரைஞ்ச வெள்ளி இருக்கும். தண்ணியில இருக்கிற மீன், பூச்சிக்கெல்லாம் ஆகாது. நான் எக்ஸ்ரே நிலையத்துலதான் குடுக்கிறேன். அவங்க கழிவோட சேர்த்து, வெள்ளி பிரிக்கிறவங்க எடுத்துட்டுப் போவாங்க” என்றார்.

அவள் மருந்தையெல்லாம் கேன்களில் ஊற்றி எக்ஸ்ரே நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நிலையத்து அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது ஃபிக்ஸரா, டெவலப்பரா?”

“ரெண்டும் கலந்திருக்கும்னு நினைக்கிறேன்.”

“நினைச்சா போதாதும்மா. கலந்ததைத் தனியா ஓரமா வைங்க, அதுக்கு வேற ஆள் வருவாங்க. இனிமே தனித்தனியா, பேர் எழுதிக் கொண்டாங்க.”

“இனிமே” என்ற சொல்லை மறுத்துச் சொல்ல வாய் திறந்தாள். பிறகு, கலந்திருந்த கேன்களை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

வீடு திரும்பினால் குளியலறையில் டிரில்லிங் மெஷின் சத்தம். கணவர் ஏணியில் நின்று ஜன்னலில் தகரப் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த தகடுகள் வளைந்து வளைந்து போயின. பின்னால் ஒரு மின்விசிறி.

“காத்து வளைஞ்சு போயிடும், வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது” என்றார்.

“நான் விட்டுடலாம்னு…”

“விடறதும் தொடர்றதும் உன் இஷ்டம். பவுடரைப் போட்டுட்டுச் சொல்லாமப் போனவன் நான். அதுக்கு என்னால முடிஞ்சது இது.”

“அடைச்சு வச்சது நான்தானே” என்றாள் அவள்.

ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு கையுறையும் தாளைப் பிடிக்க இடுக்கியும் வாங்கி வந்தாள். ஜூஸ் பாட்டில்கள் போய், பெயர் எழுதிய கேன்கள் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஏறின. பிளீச்சிங் பவுடர் வீட்டை விட்டே போயிற்று. கதவின் திரையை இழுத்ததும் கழன்று விழும்படி பிரித்துத் தைத்தாள். உள்ளே போகும்போது கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதும் நெடி சற்றுக் கூடினால் அவளுக்குத் தொண்டை கமறும். பாதி வேலையாக இருந்தாலும் கதவைத் திறந்துவிடுவாள். வெளிச்சம் பட்டுத் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். போகட்டும் என்று வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.