கப்பலுக்குக் காத்திருக்காத நசீரா

தீவின் அபர்டீன் பஜாரில் நசீராவின் வாப்பாவுக்குப் பாத்திரக்கடை. மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் என்றைக்கு வந்து சேருமோ தெரியாது. அதனால் கரண்டி முதல் குக்கர் வரை மொத்தமாகத்தான் வரவழைப்பார். அந்தப் பழக்கம் மகளுக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. கடைக்கு மேல்மாடியில் ஈஸ்வரன் நடத்தும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. படகு டிக்கெட் மென்பொருளில் செய்கிற திருத்தங்களையெல்லாம் சேர்த்துவைத்து, மாதக் கடைசியில் ஒரே மூச்சாக ஏற்றுவாள்.

மறுநாள் காலையே மாயாபந்தர் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஜெயராணியின் போன் வந்துவிடும்.

"அரே நசீரா, என்ன பண்ணி வச்சிருக்க? டிக்கெட் பிரின்ட் ஆகல. ஜெட்டி வரைக்கும் லைன் நிக்குது, ஜல்தி பாரு!"

முப்பது திருத்தங்களில் எது கெடுத்தது என்று தேடிப் பிடிப்பதற்குள் படகே போய்விடும். மூன்று மாதம் பொறுத்த படகு முதலாளிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: மென்பொருள் திருத்தங்களை அவ்வப்போது பிசகாமல் அனுப்பும் முறையான டெவ்ஆப்ஸில் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய ஒருவராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை சென்னைக்குப் போய்விடும்.

"அந்தப் பரீட்சையை நான் எழுதுறேன் சார்" என்றாள் நசீரா. தீவில் உட்கார்ந்து செய்கிற வேலை தீவை விட்டுப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

முதல் முறை கோட்டை விட்டாள். பாடமெல்லாம் தலைகீழ் மனப்பாடம். ஆனால் திருத்தங்களை எப்போது அனுப்புவது என்ற கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும், கை தானாகவே 'எல்லாம் சேர்ந்த பிறகு' என்ற விடையைத்தான் தொட்டது. அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடலடிக் கேபிளில் நொடியில் போகிற சரக்குக்கு எதற்குக் கப்பல்?

அதன்பின் ஒரு திருத்தம் முடிந்தால் அன்றே அனுப்பினாள். கோளாறு என்றால் மென்பொருள் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பவும் ஏற்பாடு செய்தாள். ஈஸ்வரன்தான் ஒவ்வொரு முறையும், 'இன்னும் கொஞ்சம் சேரட்டுமே' என்பார்.

இரண்டாம் தேர்வு, குட்வில் எஸ்டேட்டிலுள்ள அவள் வீட்டில், ஆன்லைனில், கேமரா முன்னால், காலை ஒன்பது மணிக்கு. எட்டரைக்கு ஒரு திருத்தம் தயாராக இருந்தது. ஈஸ்வரன் போனில் கெஞ்சினார்.

"பரீட்சை முடியட்டும்மா. நடுவுல புட்டுக்கிச்சுன்னா உன்னால போன்கூட எடுக்க முடியாது."

"அதுக்கும் காத்திருந்தா, நான் எதுக்கு சார் இந்தப் பரீட்சை எழுதணும்?"

அனுப்பிவிட்டுப் போனை அணைத்தாள்.

தேர்ச்சி! திரையில் பார்த்ததும் வீடே அதிரக் கத்தினாள். பிறகு போனைத் திறந்தவள் எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்தாள். காலையில் அனுப்பியது ஒன்பது பத்துக்குக் கெட்டுப்போயிருந்தது. அடுத்த நிமிடமே மென்பொருள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஜெயராணியிடமிருந்து ஓர் அழைப்புகூட இல்லை. நம்ப முடியாமல் இவளே கூப்பிட்டாள்.

"அக்கா, காலைல டிக்கெட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லையே. ஏன், மறுபடி எதையாவது கெடுக்கப் போறியா? போனை வை, லைன்ல ஆள் நிக்குது."

அந்தத் திட்டு நசீராவுக்கு அப்படி இனித்தது. கெட்டுப்போன திருத்தத்தைச் சரிசெய்து, பகல் சாப்பாட்டுக்கு முன்பே திரும்ப அனுப்பிவிட்டாள்.