ஆவாரஞ்செடிக்கு வேண்டிய வெயில்

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் பஸ் நிற்கிறது. பின்னால் செம்மண் மேட்டில் ஒரு பெண் ஆவாரம்பூ பறிக்கிறார். இந்தப் பக்கத்தில் பிறந்த என் மனைவிக்கு ஆவாரம்பூ டீ என்றால் உயிர். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நான் நட்ட செடி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"தினமும். மழையும் விடாதுங்க."

"அதான் வேர் அழுவிப் பூடுது. இது வெயில்ல காஞ்சிக்கினு கெடந்தாதான் பூக்கும்."

"எங்க ஊர்ல அவ்வளவு வெயிலே கிடையாதே."

"அப்ப செடிய ஏன் பேஜார் பண்றீங்க? ஒங்க வூட்டம்மாவ இங்க இட்டுக்கினு வாங்க."

பஸ் ஏறுமுன் வீட்டுக்குப் போன் போடுகிறேன். "திண்டிவனத்துல நிக்கிறேன்" என்கிறேன். மனைவி கேட்கிறாள்: "நல்லா வெயில் அடிக்குதா?"