நிறம் மாறாத குப்பி

ஹடப்சரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்துக்குச் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் அங்கே வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்ந்து வீடுகளுக்கு ஏறும். அந்தக் குளோரினை அளக்கத்தான் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தாளில் கரி மையால் மின்முனைகளை அச்சடித்துக்கொண்டிருந்தேன். விரல் அகலப் பட்டை. தண்ணீரில் நனைத்தால் கையடக்கக் கருவியில் எண் வரும். வரவேண்டும்.

போன மழைக்காலத்தில் மை சரியாகக் காயாமல், ஒரு கட்டுப் பட்டை முழுக்க வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னது. ஆய்வகத்தில் கிண்டல் ஓயவே இல்லை. அதனால் புதிதாக அச்சடித்த பட்டைகளை யாருக்கும் காட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நிலையத்திலேயே சோதிக்கப் போனேன்.

பட்டையை நனைத்ததும் குளோரின் எண் உச்சிக்குப் போய் நின்றது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மராத்திக்காரரை எல்லாரும் காகா என்போம். அவர் வழக்கமான சோதனை மாத்திரையைக் குப்பித் தண்ணீரில் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறவேண்டும். நிறமே வரவில்லை.

"குளோரின் பில்குல் நஹி, மேடம்," என்றார். துளிகூட இல்லையாம்.

என் பட்டைதான் தப்பு என்று ஹிந்தியில் முந்திக்கொண்டு சொன்னேன். அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று ஒரு நினைப்பு. காகா குளோரின் பம்பைத் திருகிக் கூட்டினார்.

சற்று நேரத்தில் வீட்டிலிருந்து கணவர் அழைத்தார்.

"பாப்பாவைக் குளிக்க வெச்சேன். கண்ணு எரியுதுன்னு கத்தறா. தண்ணியில என்னத்தைக் கலந்தீங்க?"

"கேன் தண்ணியில கண்ணைக் கழுவுங்க. குழாயைத் தொடாதீங்க!"

குளோரின் அளவுக்கு மிஞ்சினால் மாத்திரையின் நிறத்தையே வெளுத்துவிடும். என்றோ படித்தது அப்போதுதான் உறைத்தது. குளோரினைக் குறைத்துப் பார்க்க, பாட்டில் தண்ணீர் ஒன்பது பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, இன்னொரு மாத்திரையைப் போட்டேன். குப்பி குப்பென்று சிவந்தது. காகா ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தி, மேலே ஏறும் குழாயையும் அடைத்தார்.

மாலைக்குள் பாப்பாவின் கண் சரியாகிவிட்டது. நல்லவேளை கண்டுபிடித்தாய் என்று கணவர் மெச்சிக்கொண்டார். அவரிடம் இன்றுவரை நான் சொல்லாதது ஒன்று உண்டு. குப்பி சிவந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பட்டை சரி என்ற சந்தோஷம். பாப்பாவின் கண் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.