கேன்காரம்மாவின் இடது கை

கேன்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். காலி கேன்களை வேனுக்குள் எறிவாள். அவை ஒன்றோடொன்று மோதிப் போடுகிற சத்தத்திலேயே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்து மறுபடி வண்டி எடுத்தாளே, அன்றிலிருந்து அந்தச் சத்தம்தான். மாடி ஆபீஸ் காவலாளி ஒரு நாள் கேட்டே விட்டார்.

"என்னம்மா, தினம் இடி இடிக்குதே?"

"இடிக்கும். இன்னும் விழல, அவ்வளவுதான்."

சின்ன வேன் அவளுடையது. ஓட்டுவதும் அவளே, குடிதண்ணீர் கேன் சுமப்பதும் அவளே. ஐம்பதைத் தாண்டிய பிறகும் கேனை இடது தோளில் தூக்கி வைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் மாடி ஏறுவாள். பிறந்தபோது வைத்த பெயர் அவளுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. கடைக்காரன் முதல் கைக்குழந்தை வரை எல்லாருக்கும் அவள் கேன்காரம்மாதான்.

கோபம் புருஷன் மேல். ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்கிற பட்டறையில் அவர் வெல்டர். நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமாக எல்லாரும் அவள் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். எந்த இரும்புக்கு எந்தக் குச்சி வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய அக்கா காலையில் போடுகிற பிரஷர் மாத்திரை என்ன நிறம், ராத்திரி மாத்திரை என்ன நிறம் என்பதுகூடத் தெரியும். பெண்டாட்டியின் உடம்புக்கு எது ஆகாது என்பது மட்டும் தெரியாது.

சல்ஃபா மருந்து அவளுக்கு ஆகாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மாத்திரை தின்று, உதடும் கண்ணும் வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளித்துக் கிடந்தவள். கல்யாணமான புதிதிலேயே அவள் அம்மா அவரிடம் சொன்னாள். முதல் பிரசவத்துக்குப் போகும்போது இவள் சொன்னாள். பல் பிடுங்கப் போகும்போது சொன்னாள். ஒரு தடவை வேனின் புகைக்குழாயில் பட்டுக் கால் வெந்துபோனது. வெல்டர் தன் வேலைப் பையிலிருந்து தீக்காயத்துக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பை எடுத்து நீட்டினார். "இதுலயும் சல்ஃபாதான் இருக்கு, என் பக்கமே கொண்டு வராதீங்க" என்று அப்போதும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்றார். காதுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிற "ம்" அது.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வழியில் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமக்கிறவள் அதனாலேயே தான் குடிக்க மாட்டாள். அது சிறுநீரில் கிருமியாகி, காய்ச்சலாகி, ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்திலேயே நினைவு தப்பி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெல்டரிடம் கேட்டாள், "இவங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். இவ கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவா."

சொன்னதோடு சிரிக்கவும் சிரித்தாராம். பக்கத்துப் படுக்கைக்காரி பிற்பாடு சொன்னாள். மருந்து ஏறியது. தொண்டை அடைத்தது, தோல் உரிந்தது, ஆள் போய்த் திரும்பி வந்தாள். கண் விழித்ததும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் கேள்விப்பட்டாள். அவளுக்குக் கோபம் வரக்கூடாது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

உடம்பு தேறி, டாக்டரும் சரி என்ற பிறகு, ஒரு மத்தியானம் வேனைப் பச்சை குத்துகிற கடை வாசலில் நிறுத்தினாள். உள்ளே கழுத்து வரைக்கும் படம் போட்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கக்கா. பூவா, பட்டாம்பூச்சியா? பிள்ளைங்க பேரா?"

"எழுத்து. கண்ணாடியை மறந்துட்டு வந்த டாக்டருக்கும் தெரியற மாதிரி பெருசா. 'சல்ஃபா ஆகாது'ன்னு."

பையன் ஊசியைக் கீழே வைத்தான். "இதை ஒரு சீட்டுல எழுதிப் பர்ஸ்ல வச்சுக்கலாமேக்கா?"

"நான் மயங்கிக் கிடக்கிறப்ப பர்ஸ் யார் கையில இருக்கும்?"

"யார் கையில?"

"எம் புருஷன் கையில. நீ குத்து."

இடது முழங்கைக்குக் கீழே, ஊசி போடுகிறவர்கள் முதலில் புரட்டிப் பார்க்கிற இடத்தில் குத்தச் சொன்னாள். குத்தி முடித்து அவன் பக்குவம் சொன்னான். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். வாசனை இல்லாத சோப்பால் மெல்லக் கழுவ வேண்டும், தேய்க்காமல் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். களிம்பு தோல் மினுங்குகிற அளவுக்கு மட்டும். அந்தக் களிம்பில் என்னென்ன இருக்கிறது என்று அவனை முழுக்கப் படிக்க வைத்த பிறகுதான் வாங்கினாள். பொருக்குத் தட்டினால் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் மையும் கூடவே வந்துவிடும்.

"ஈரத்துல ஊறக் கூடாது, வெயில் படக் கூடாது, எதுவும் உரசக் கூடாது. ஆமா, நீங்க என்ன வேலைக்கா பாக்கறீங்க?"

"தண்ணி கேன் போடறேன்."

பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆகாதுன்னு சொன்ன மூணையும் சேர்த்து ஒரு வேலையாவே வச்சிருக்கீங்களேக்கா!"

அவள் விட்டுவிடுகிறவளா? பழைய பருத்திச் சட்டையின் கையை வெட்டி இடது கையில் தொளதொளவென்று மாட்டிக்கொண்டாள். தினமும் துவைத்துக் காயப்போட்டு மறுநாள் மாட்டினாள். கேனை வலது தோளுக்கு மாற்றினாள். வாழ்க்கை முழுக்க இடது பக்கம் பழகிய உடம்பு வலது பக்கம் கோணிக்கொண்டு போனது. மாடிப்படியில் ஒரு கேன் கைதவறி, ஒவ்வொரு படியாக உருண்டு போய்க் காவலாளியின் நாற்காலியடியில் நின்றது.

"கேன் தானாவே டெலிவரி ஆகுதும்மா" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் புருஷனை ஒரு வார்த்தை திட்டிக்கொண்டே ஏறினாள். நல்ல உயரமான கட்டடம் அது.

சேதி தெரிந்து நாத்தனார் இவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "இந்த வயசுல டாட்டூ கேக்குதா? காலேஜுல இடம் கிடைச்சிருக்கா?"

"உங்க தம்பி வாயை நம்ப முடியல அண்ணி. அதான் கையில எழுதிக்கிட்டேன்."

"பாவம், அவனே நொந்து போயிருக்கான்."

"நொந்தது அவர். வெந்தது நான்."

வெல்டர் கூடத்து மூலையில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மானத்தைப் பெண்டாட்டி கையில் எழுதிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிகிறாள் என்று அவருக்கு மனத்தாங்கல். அதனால் அந்தக் கையை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை. சாப்பாடு போடும்போது தட்டைப் பார்ப்பார், பேசும்போது சுவரைப் பார்ப்பார்.

பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. கறுப்புக் கறுப்பாகச் செதில் உதிர்ந்தது. எழுத்தே கரைந்து போகிறதோ என்று கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை குத்திய பையனுக்குப் போன் போட்டாள்.

"மேல் தோல்தான்க்கா உரியுது, எழுத்து அடியில பத்திரமா இருக்கு. சொறியாம இருங்க, போதும்."

சொறியாமல் இருப்பது லேசா? எறும்பு ஊர்வது போல் அரித்தது. கைக்குப் பதிலாகத் தொடையில் அடித்துக்கொண்டாள், ஸ்டீயரிங்கைக் குத்தினாள். நெல்மூட்டைக்குக் காவல் இருப்பது போல் அந்த எழுத்துகளுக்குக் காவல் இருந்தாள். இனிமேல் எங்கே விழுந்தாலும் தன் உயிருக்கு எது ஆகாது என்று தன் கையே சொல்லிவிடும், யார் வாயையும் பார்த்துக் கிடக்க வேண்டாம். அது கெடாமல் ஆற வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வெளியூரில் வேலை பார்க்கிற மகள் வந்திருந்தாள், பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கேன்காரம்மா மின்விசிறிக்கு அடியில், இடது கையைச் சுத்தமான துண்டின் மேல் நீட்டிப் படுத்து அசந்துவிட்டாள்.

தூக்கத்தில் கை குளுகுளுவென்று இருந்தது. அத்தனை நாள் அரிப்புக்கு அது சுகமாகக்கூட இருந்தது. மகள்தான் களிம்பு போடுகிறாள் என்று நினைத்தாள். பிறகு குளிர்ச்சி போய்ச் சுருசுருவென்று எரிந்தது. கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் வெல்டர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அந்த வெள்ளைக் களிம்புக் குழாய். இன்னொரு கையின் விரல்கள் எழுத்து முழுக்க, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் அப்பிக்கொண்டிருந்தன.

"எழுந்துக்காதே, படு. வெந்து போன மாதிரி கிடக்கு. இந்த மருந்தைப் போட்டா ஒரே நாள்ல ஆறிடும். பட்டறையில எல்லாரும் இதுதான் போடறோம்."

அவள் எழுந்த வேகத்தில் துண்டு ஒரு பக்கம், களிம்பு ஒரு பக்கம் பறந்தது. குழாயடிக்கு ஓடிச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். ஒத்தி எடுக்க வேண்டிய கையை, தேய்க்கவே கூடாத கையை, நறநறவென்று தேய்த்தாள். பொருக்கு வந்தது, ரத்தம் வந்தது, கூடவே மையும் வந்தது. அத்தனை நாள் காவலும் சாக்கடையில் கறுப்பாக ஓடுவதைப் பார்த்தாள்.

"யோவ்!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. "எது மேலய்யா தடவுன? எழுத்து மேலதானே தடவுன? என்ன எழுதியிருக்குன்னு ஒரு தரம் படிச்சியா?"

வெல்டர் கீழே விழுந்த களிம்புக் குழாயை எடுத்துக்கொண்டு நின்றார். "நான் புண்ணைத்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்க்கல."

அதற்குள் முன்னங்கை தடித்துவிட்டது. உதடு கனத்தது. மகள் வேன் சாவியை எடுத்தாள்.

பக்கத்துக் கிளினிக்கில் வாசலில் இடம் இல்லை. இரண்டு பேரையும் இறக்கிவிட்டு மகள் வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனாள். உள்ளே இருந்த நர்ஸ் முதல் கேள்வியாக அதையேதான் கேட்டாள்.

"ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

கேன்காரம்மா கையை நீட்டினாள். நர்ஸ் குனிந்து பார்த்தாள். வீக்கத்தில் எழுத்துகள் பிதுங்கி, ரத்தம் கசிந்து, ஒன்றும் படிக்கிற நிலையில் இல்லை. கேன்காரம்மா வாயைத் திறந்தாள். நாக்கு தடித்துப் போய்க் கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. நர்ஸ் நிமிர்ந்து வெல்டரைப் பார்த்தாள். கேன்காரம்மாவும் பார்த்தாள்.

"அது வந்து சிஸ்டர்... அந்த மருந்து... வெள்ளையா இருக்குமே. தீக்காயத்துக்குப் போடுவோம்."

"பேர் என்ன?"

"பேரு..." வெல்டர் கூரையைப் பார்த்தார். கூரையில் எழுதியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் கேன்காரம்மாவுக்கு உடம்பு எரிந்ததைவிட வயிறு எரிந்தது. சாவதாக இருந்தால்கூட இவரை ஒரு அறை அறைந்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று நினைத்தாள். நல்லவேளை, மகள் ஓடி வந்து கதவிலிருந்தே கத்தினாள், "சல்ஃபா! அம்மாவுக்கு சல்ஃபா ஆகாது!"

ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. மறுநாள் கேன் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

புண் நன்றாக ஆறிய பிறகு பார்த்தால், நடுவில் இரண்டு எழுத்து நரைத்துப் போய், முதல் எழுத்து பாதி காணாமல் போயிருந்தது. மறுபடி குத்த வேண்டும் என்று புறப்பட்டாள்.

"எதுக்கு மறுபடி?" என்றார் வெல்டர். "இப்பதான் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சே. சல்ஃபா."

"உங்க மனப்பாடத்துல என் உசிரை வைக்க மாட்டேன். செருப்பைப் போடுங்க, நீங்களும் வர்றீங்க."

பச்சை குத்துகிற பையன் கையைப் பார்த்துப் பதறினான். "யாருக்கா இதைச் சுரண்டுனது?" நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுபோனது. மறுபடி குத்தி முடித்துப் பக்குவம் சொல்லத் தொடங்கினான்.

"என்கிட்ட சொல்லாதே. அவர்கிட்ட சொல்லு. இந்தத் தரம் அவர்தான் பார்த்துக்கப் போறார்."

அதிலிருந்து காலையில் அவள் வண்டி எடுப்பதற்கு முன் வெல்டர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். நக இடுக்கில் இரும்புக் கறுப்பு இருந்தால் திருப்பி அனுப்புவாள். முதலில் எழுத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம்தான் கழுவுவது, ஒத்தி எடுப்பது, களிம்பு எல்லாம். நாத்தனார் கேள்விப்பட்டு, "புருஷனைப் பிள்ளைங்க மாதிரி படிக்க வைக்கிறாளே" என்று அழுதாளாம். அழட்டும்.

ஒரு நாள் வெல்டருக்குப் பட்டறைக்கு நேரமாகிவிட்டது. கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்க, விரலில் களிம்பை எடுத்துக்கொண்டே, "சல்ஃபா ஆகாது, சல்ஃபா ஆகாது. போதுமா?" என்றார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"கையைப் பார்த்துப் படிங்க."

"அதான் சரியாச் சொல்லிட்டேனே!"

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே வேனின் பின்கதவு திறந்திருந்தது, பக்கத்தில் காலி கேன்கள் அடுக்கி இருந்தன. வெல்டரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.