பிரேக்குக்குத் தலை எது

நகராத வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தால் ஒரு தூக்கம் வரும். அது வீட்டில் வரும் தூக்கம் மாதிரி இல்லை. கண்ணாடிக்கு வெளியே புளியமரம் ஆடும், அதன் நிழல் என் மடிமேல் வந்து வந்து போகும், ஏரிப்பக்கம் எங்கோ ஒரு மோட்டார் ஓடும். உடம்பு மொத்தமும் தூங்கிவிடும். வலது கால் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்தக் காலுக்கு மட்டும்தான் வேலை.

"மிதி, மிதி, மிதி... பிடி!" என்று வண்டிக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். நான் பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவர் சக்கரத்தின் உட்புறம் இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் கொஞ்சம் திறப்பார். உள்ளே சிக்கியிருக்கும் காற்று பிரேக் ஆயிலோடு சேர்ந்து பாட்டிலில் கட்டிய குழாய் வழியாகக் கொப்புளமாக வெளியே வரும். அந்த நேரத்தில் பெடல் என் காலோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கும். அவர் நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். பிரேக்கில் ஏர் எடுப்பது என்று இதற்குப் பெயர். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இந்த வேலைக்கு என் கால்தான். சம்பளம் கிடையாது.

எங்களுடையது சின்ன லாரி. மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றிக்கொண்டு, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கும். அந்தக் கணவாயைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரேக் நம்பிக்கை இல்லாதவன் அதில் இறங்கவே மாட்டான்.

முன்சக்கரம் இரண்டிலும் பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பர் பழசாகி ஆயில் கசிந்துகொண்டிருந்தது. இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினார். உள்ளே உராய்கிற பேடும் புதிது, ஆயில் போகிற ஹோஸ் குழாயும் புதிது. எல்லாம் மாட்டி முடித்து ஏறி மிதித்தால், பெடல் பஞ்சுமூட்டையில் கால் வைத்த மாதிரி அமுங்கிக்கொண்டு போனது. இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்தால் கொஞ்சம் கெட்டிப்படும். கொஞ்சம் விட்டு மறுபடி மிதித்தால் பழையபடி அமுங்கும். அவர் இறங்கினார். "நீ ஏறி மிதி" என்று மட்டும் சொன்னார். காலையிலிருந்து அந்த இருக்கையில் அவர் மறுபடி உட்காரவே இல்லை.

ஏன் உட்காரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தோம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வாசல்வரை நடந்து வந்தார் என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார்கள். "தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்கள்.

"இப்போ" என்றார் இவர். சரிதான். "இப்போ" என்றார் மறுபடியும். அதுவும் சரி. அப்புறம் கட்டைவிரலுக்குக் கீழே தொட்டார்கள். பேச்சே இல்லை. குதிகால் பக்கம் தொட்டார்கள். அதற்கும் பேச்சில்லை. டாக்டரம்மா நூலை எடுத்து அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றபோது, இவர் "இப்போ" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை விடை தெரியாமல் அடித்துவிடுகிற மாதிரி சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது, இவர் லாரி ஓட்டலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பெடல் காலுக்குத் தெரியுதான்னு அவரே கவனிக்கணும். தெரியலேன்னா ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து வண்டியில் எது ஒத்துவராமல் போனாலும் அவருக்குத் தன் கால்மேல்தான் சந்தேகம். பிரேக்கை மாற்றிய பிறகும் பெடல் பஞ்சாக இருந்தபோது அவர் முகம் கறுத்ததன் காரணம் அதுதான். பொருள் எல்லாம் புதிது. அப்படியானால் பழசு எது?

"உனுக்கு எப்புடி இருக்குது?" என்று அடியிலிருந்து கேட்டார்.

"மெத்துன்னுதான் இருக்குதுங்க."

"நீ எந்த வண்டிய ஓட்டுன? உனுக்கு எல்லா பெடலும் மெத்துன்னுதான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப எதுக்குக் கேக்கறீங்க? புளியமரத்தக் கேளுங்க" என்றேன். ஸ்பேனர் கல்லில் விழுந்த சத்தம் கேட்டது.

அவர் ஒன்றையும் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆயில் டப்பாவில் அளவு பார்த்தார். குழாய் இணைப்புகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, எங்காவது ஈரம் திரும்புகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். பின்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி, உள்ளே உராய்கிற லைனரை நெருக்கி வைத்தார். பாலக்கோட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "காத்துதாங்க, வேற ஒண்ணும் இருக்காது, மறுபடி எடுங்க" என்று அவர் சொன்னார். மறுபடி எடுத்தோம். பின்சக்கரம், முன்சக்கரம் என்று வரிசையாகத் திரும்பவும் எடுத்தோம். ஓசூர்ப் பக்கம் ஓட்டிய காலத்தில் அவரிடம் கொஞ்சம் கன்னடம் ஒட்டிக்கொண்டது. பதமான வேலை செய்யும்போது அது தானாக வெளியே வரும். "ஸ்வல்ப, ஸ்வல்ப" என்று நிப்பிளிடம் கொஞ்சிக்கொண்டே திறப்பார். கொஞ்சமாக வா என்று குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நான் மேலே மிதித்துக்கொண்டே அதைக் கேட்டபடி கண்ணயர்ந்தேன். அரைத்தூக்கத்தில் வண்டி கணவாயில் இறங்குவது மாதிரியும், இரண்டு பக்கமும் மலை கூடவே இறங்கி வருவது மாதிரியும், பெடலுக்கு முடிவே இல்லாத மாதிரியும் இருந்தது.

"பென்னாகரத்துக்காரரு வண்டிய வெலைக்குக் கேட்டுட்டே இருக்காரு. இன்னைக்கு இது கெட்டிப்படலேன்னா, அவருக்கே குடுத்துடறேன்" என்ற குரலில் விழித்தேன்.

"பிரேக்கு கெட்டா வண்டிய விப்பாங்களா?"

"பிரேக்கா கெட்டுது?" என்றார். எனக்கு இருபது வயதில், லாரியை ஓட்டிக்கொண்டு என்னைப் பெண் பார்க்க வந்தபோதே இந்த மனுஷன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்த தோரணையைத்தான் நான் முதலில் பார்த்தேன். அந்தச் சீட்டு இல்லாமல் இவர் எப்படி இருப்பார் என்று என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலை எடுத்துவிட்டு இறங்கினேன்.

முகம் கழுவலாம் என்று வண்டியைச் சுற்றி வந்தேன். முன்சக்கரம் கழற்றியபடி ஜாக்கியில் நின்றது. வெயில் சாய்ந்து நேராக உள்ளே விழுந்தது. புதுக் காலிப்பர் மஞ்சளும் சந்தனமுமாக நின்றது. எங்கள் பக்கம் வண்டிக்குப் புதுப்பொருள் எது வாங்கினாலும் ஏரிக்கரை முனியப்பன் காலடியில் வைத்து எடுக்காமல் மாட்டுவது இல்லை. ஸ்டெப்னி டயரைக்கூட உருட்டிக்கொண்டு போவார்கள். இந்தக் காலிப்பர் இரண்டையும் முந்தின நாள் தாம்பாளத்தில் வைத்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பூசாரி எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவர். "இதுல தலை எது?" என்று கேட்டார். ஏர் எடுக்கிற நிப்பிள் இருக்கிற பக்கத்தை, கூட வந்த இவர் காட்டினார். காற்று மேலேதான் ஏறும், அதனால் நிப்பிள் எப்போதும் உச்சியில் நிற்கும், அதுதான் தலை என்று விளக்கமும் சொன்னார். பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அந்தத் தலைப்பக்கம் பார்த்துச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்தார்.

இப்போது பார்த்தால், பொட்டு அடியில் இருந்தது.

தூக்கக் கலக்கமோ என்று தோன்றியது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அடுத்த பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பொட்டு அடியில்தான்.

"ஏங்க, பூசாரி தலையில வெச்ச பொட்டு ஏன் கீழ இருக்குது?"

வண்டிக்கு அடியில் அசைவு நின்றது. பிறகு அவர் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் மண். எழுந்து பார்த்தார். கையை நீட்டி நிப்பிளைத் தொட்டார். மேலே தொட்டார். மறுபடி கீழே தொட்டார்.

"எடது வலது மாறிப்போச்சு" என்றார்.

ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும் பொருள் அது. பக்கம் மாற்றினாலும் போல்ட் பொருந்திவிடும். தலைகீழாக நிற்கும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் நிப்பிள் வழியாக ஆயிலைத்தான் எடுக்கலாம். காற்று உச்சியில் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். பகல் முழுக்க நாங்கள் எடுத்தது வெறும் ஆயிலைத்தான்.

"கடைக்காரரு எடது, வலதுன்னு சாக்பீஸ்ல எழுதித்தான குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"அது மஞ்சத் தண்ணியில போயிருச்சு. அதனால என்ன, சாமி காலுக்குக் கீழ எடது எடதுலயும் வலது வலதுலயும்தான வெச்சிருந்தாங்க? அப்புடியே எடுத்தாந்தேன்."

"பூசாரி எடதுன்னா யாரு எடதுல வெப்பாரு? உங்க எடதுலயா? முனியப்பன் எடதுலங்க!"

முனியப்பன் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது கால் எங்களுக்கு வலப்பக்கம். இவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் திறந்து, தன் இடது கைப்பக்கம் இருந்ததை இடது என்று எடுத்துக்கொண்டார்.

"நிப்பிள் கீழ இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது. புது மாடல்ல இப்புடி வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் நெனப்பெல்லாம் கால்மேலயே இருந்துச்சு புள்ள" என்றார். நான் திட்ட எடுத்து வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டேன்.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினார். பொட்டு உச்சிக்குப் போனது. முறுக்கிக்கொண்டு நின்ற ஹோஸும் நேரானது. மறுபடி ஏர் எடுக்க வேண்டும். நான் ஏறப்போனபோது முட்டிக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தியது.

"எனக்குக் கால் மரத்துப்போச்சுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொன்னோமோ என்று உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். "நீங்க மேல ஏறுங்க. நான் தெறக்கறேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

தயங்கித்தான் ஏறினார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார். நான் சேலையைச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். மிதிங்க, பிடிங்க என்றேன். ஸ்பேனரைத் திருப்பினேன். உச்சியில் இருந்த காற்று புஸ்ஸென்று வந்தது, பால் பொங்கி வருகிற மாதிரி நுரைத்து நுரைத்து வந்தது. பாட்டிலில் கொப்புளங்கள் குறைந்து, பிறகு நின்று, சுத்தமான ஆயில் கோடாக இறங்கியது. அடுத்த பக்கமும் அதே மாதிரி எடுத்தோம். வெயில் புளியமரத்துக்குப் பின்னால் போயிருந்தது. எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

"கெட்டியா இருக்குதாங்க?"

"இருக்கற மாதிரிதான் இருக்குது" என்று சந்தேகமாகச் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பிரேக் சரியாகிவிட்டது. ஆனால் நாளைக்கு வேறு ஏதாவது ஒன்றுக்கு மறுபடி காலைச் சந்தேகப்படுவார். பென்னாகரத்துக்காரர் எங்கேயும் போய்விடவில்லை.

"அப்புடியே அழுத்திப் பிடிச்சிட்டே இருங்க. கீழ இறங்கறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றேன்.

யாருடைய வார்த்தையை நான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி" என்றார்.

நான் செய்வது மேலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் முகம் எனக்கும் தெரியாது. குழாயைப் பிடித்துக்கொண்டு, ஸ்வல்ப, ஸ்வல்ப என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, நிப்பிளை மயிரிழை திறந்தேன்.

"இப்போ" என்றார்.

மூடினேன். காலை எடுத்து மறுபடி மிதிக்கச் சொன்னேன். வேண்டும் என்றே காக்கவைத்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பாலக்கோட்டுப் பக்கம் போய், அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை காக்கவைத்தேன். பிறகு திறந்தேன்.

"இப்போ."

மூடினேன். கடைசியாக, ஸ்பேனரை நிப்பிளில் மாட்டித் திருப்புகிற மாதிரி டக்கென்று சத்தம் மட்டும் எழுப்பினேன். திறக்கவில்லை. அப்படியே காத்திருந்தேன். மேலே பேச்சில்லை. புளிய இலை கொஞ்சம் உதிர்ந்து என் கைமேல் விழுந்தது. அப்போதும் பேச்சில்லை. ஆஸ்பத்திரிச் சுவர் கண்முன்னால் வந்து போனது. திறக்காமலே இவர் "இப்போ" என்று சொல்லிவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏ புள்ள, தூங்கிட்டியா?" என்று மேலிருந்து குரல் வந்தது. "சத்தம் மட்டுந்தான் வருது. நீ இன்னும் தெறக்கவே இல்லையே."

"இல்லீங்க, தெறக்கல" என்றேன். ஸ்பேனரை நிப்பிளிலிருந்து எடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.