பன்னிரண்டு மணித் தண்ணீர்

என் வீட்டுக்காரர் படகு வாங்கிய செய்தியை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. "அண்ணன் சம்பான் வாங்கிட்டாராமே, சொல்லவே இல்லயே அக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். எனக்கே தெரியாததை இவளிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்? "ஆமா லா, சும்மா சின்னது" என்று எல்லாம் தெரிந்தவள்போல் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவர் வீடு திரும்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியைத் துடைத்தேன்.

இருபத்தாறு வருஷம் கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், ஏறிப் போவார், அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். பகலில் வீட்டில் இருக்கிறார் என்றால் தூங்குகிறார் என்று பொருள். மிக்சி போடக் கூடாது. மகள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. தபால்காரர் ஹார்ன் அடித்தால் நான் ஓடிப் போய் வாசலில் நின்று கையைக் காட்டுவேன். இந்த வருஷம் வேலையை விட்டு வந்தார். இனிமேலாவது இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் பசியாறலாம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது மாதம் படகு வாங்கினார்.

படகு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மெர்போக் ஆற்றில் ஒரு சீனரிடமிருந்து வாங்கிய பழைய பைபர் சம்பான். முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, அதற்குப் பின்னால் இருமிக்கொண்டே ஓடும் ஒரு இன்ஜின். அதை ஓட்டுவதைவிட, ஜெட்டி என்கிற படகுத்துறையில் கட்டிப்போட்டு அதற்குள் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு வேலை. காலையில் கோப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனால் மத்தியானம் தாண்டித்தான் முகத்தைப் பார்க்கலாம். துணைக்கு நாய்.

அந்த நாயைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இரவு ஷிப்ட் முடிந்து இவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பின்னாலேயே வந்த தெருநாய். அன்றிலிருந்து இவர் தூங்கும்போது தூங்கும், இவர் எழுந்தால் எழும். இவர் கண்ணில் படாவிட்டால் சோற்றைத் தொடாது. ஊளையிட்டே தாமானைக் கூட்டிவிடும், அடுத்த நிமிஷம் தாமான் வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் புகார் வரும். அதனால் போகிற இடமெல்லாம் கூட்டிப் போவார். அதைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு ஒரு கொழுந்தன் வந்து வாய்த்தது இப்படித்தான்.

மகள் தெற்குக் கோடியில் ஜொகூரில் இருக்கிறாள். பிரசவ விடுமுறை முடியப் போகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் வந்து இரு அம்மா என்று அழைத்திருந்தாள். நான் சரி என்று சொல்லி, பஸ் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அதை இவரிடம் சொல்லத்தான் வாய்ப்பே கிடைக்கவில்லை. மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் இவர் கையில் படகுக்கு ஏதோ சாமான் இருந்தது, நாய் வாசலில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பஸ். வெள்ளிக்கிழமை வரை சொல்லியாகவில்லை. அப்போதுதான், "நாளைக்கு ஆத்துக்கு வாரியா, நீர்நாய் காட்டுறேன்" என்று கூப்பிட்டார். ஆற்று நடுவில் எங்கே ஓடிவிடப் போகிறார் என்று நானும் சம்மதித்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெட்டி. அது மலாய் மீனவர்களின் ஜெட்டி, பலகைமேல் வலையை விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். நாயின் ஈரமூக்கு அதில் பட்டுவிட்டால் அவர்கள் மத வழக்கப்படி மண் கரைத்த தண்ணீரோடு ஏழு தடவை கழுவ வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். என் துணிக்கூடையில் நாயை உட்கார வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, இருபது கிலோவையும் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு, வலைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். மீனவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், குடை, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நான். கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் என்னை இப்படிப் பொத்திப் பொத்திக் கூட்டிப் போனதில்லை.

கயிற்றை அவிழ்க்கும்போது ஒருவர், தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது என்று மலாயில் சொன்னார். "செகெஜாப் சாஜா" என்றார் இவர், கொஞ்ச நேரம்தான் என்று. அந்த ஆள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பினார். ஜெட்டித் தூண்களில் தண்ணீருக்கு மேலே ஒரு முழத்துக்கு ஈரம் இருந்தது. எனக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன்.

நடு ஆறு அகலமாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று கத்தினேன். "ஆமா, குளிர்ச்சியா இருக்கு" என்று அவரும் கத்தினார். எங்கள் இருவருக்கும் நடுவில் நாய் மல்லாந்து கிடந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒரு சின்னக் கிளையாற்றுக்குள் திருப்பினார். இரண்டு பக்கமும் சதுப்பு மரங்களின் வேர். உள்ளே போகப் போக ஓடை குறுகியது. நீர்நாய் ஒன்றையும் காணோம். திடீரென்று அடியில் பிசுக்கென்று ஏதோ பிடித்தது. இன்ஜின் கறுப்புத் தண்ணீரைக் கக்கியது. அணைத்துவிட்டு, கழியால் தள்ளிப் பார்த்தார். கழிதான் சேற்றுக்குள் போனது.

"ஒன்னும் இல்ல. இப்ப தண்ணி ஏறும். சனிக்கெழமன்னா பன்னெண்டு மணிக்கு ஃபுல் தண்ணி."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். ரெண்டு சனிக்கெழமையும் பன்னெண்டு மணிக்குத்தான் ஏறுச்சு."

அந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை இவர் ஆற்றுக்கே வரவில்லை. மெர்கோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கடல் தண்ணீர் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளித் தள்ளி ஏறும், ஒரு வாரத்தில் அப்படியே தலைகீழாகும், இரண்டு வாரத்தில் பழையபடி சுற்றி வரும். இதைச் சாயங்காலம் ஜெட்டியில் மீனவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். என் வீட்டுக்காரரோ இருபத்தாறு வருஷம் பஸ் வரும் நேரத்துக்கு வாழ்ந்தவர். ஆறும் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறது, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கார்டு தட்டி உள்ளே வந்துவிடும் என்று நம்பிவிட்டார்.

பத்தரைக்கு மாட்டினோம். பதினொன்றுக்குச் சுற்றிலும் தண்ணீரே இல்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. சேற்றில் துள்ளும் மீன்கள் எங்களைச் சுற்றி வந்து முழித்துப் பார்த்தன. போன் பண்ணி ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். "வந்தா அவன் படகும் சேந்து மாட்டும்" என்றார். அதில் மட்டும் நியாயம் இருந்தது. அதற்குள் அந்தத் தம்பி ஒரு உடும்பைப் பார்த்துவிட்டு வெளியே பாய்ந்தது. நெஞ்சு வரை புதைந்து, கத்த ஆரம்பித்தது. இவரும் யோசிக்காமல் குதித்தார், தொடை வரை போனார். நான் குடையை நீட்ட, இவர் அதைப் பிடித்துக்கொண்டு நாயைத் தூக்கி என் மடியில் போட, நாய் உடம்பைச் சிலிர்த்து உதற, என் பஞ்சாபி சூட், முகம், பொட்டலம் பிரித்து வைத்திருந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, எல்லாம் சேறு. சேறு படாமல் மிஞ்சியது ஒரே ஒரு அவித்த முட்டை. அதை எடுத்து நாய்க்குக் கொடுத்தார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் ஜொகூருக்குப் போறேன்" என்றேன். "திங்கக்கெழம. டிக்கெட் எடுத்தாச்சு."

நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளு?"

"ஒரு வருஷம்."

துடைத்த கை நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"எப்ப கேக்குறது? வீட்டுல இருந்தாதானே. வேலைக்குப் போனப்பவாவது எத்தன மணிக்கு வருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். மூச்சு விடாமல் படகைத் திட்டினேன், நாயைத் திட்டினேன், கோப்பிப் பிளாஸ்கைக்கூட விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த மனுஷன் என்னோடு அரை மணி நேரம் உட்காரவில்லையே, ஒரு பழைய சம்பானில் போய் உட்கார்ந்துகொள்கிறாரே என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பகல்ல அந்த வீட்டுல எங்க உக்கார்றதுன்னு எனக்குத் தெரியல. சோபாவுல உக்காந்தா, கூட்டணும் எழுந்திரிங்கன்னு சொல்ற. குசினிக்கு வந்தா, வழியில நிக்காதீங்கன்னு சொல்ற. வாசப்படியில நின்னா, வெளிச்சத்த மறைக்காதீங்கன்னு சொல்ற. நான் அந்த வீட்டுல பகல்ல முழிச்சு இருந்ததே இல்ல. அது உன் வீடு லா. இங்க இந்தப் பலகையில உக்காந்தா யாரும் எழுந்திரிக்கச் சொல்றதில்ல."

அத்தனையும் நான் சொன்ன வார்த்தைகள்தான். ஒன்றைக்கூட இல்லை என்று மறுக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. இதைச் சொல்ல ஒரு மனுஷன் படகு வாங்கி, பெண்டாட்டியைக் கூட்டி வந்து சேற்றில் மாட்டி வைக்க வேண்டுமா?

"அப்ப நீங்களும் வாங்க" என்றேன், குரலைத் தணித்து. "அங்க எனக்கும் எதுவும் பழக்கமில்ல. எங்க உக்கார்றதுன்னு ரெண்டு பேரும் சேந்து தேடலாம்."

ஒரு நிமிஷம் அவர் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு கீழே பார்த்தார். நாய் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மக இருக்கிற அடுக்குமாடிக் கொண்டோவுல நாய் விட மாட்டாங்களே."

"பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்க."

"நான் இல்லாட்டி சாப்பிடாது, உனக்கே தெரியும். நீன்னா காத்திருப்ப. உனக்குப் பழக்கம். இதுக்கு அது தெரியாது."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் காத்திருந்தேன்னு யார் சொன்னா?" என்றேன். "போறதுக்கு வேற எடம் இல்ல, அதனால இருந்தேன். இப்ப எடம் இருக்கு."

அது முழுக்க உண்மையில்லை. எத்தனையோ காலைகளில் பஸ் சத்தம் கேட்டதும் கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் கதவைத் திறந்திருக்கிறேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். பன்னிரண்டு மணி வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. வெயில் நேரே உச்சியில் இறங்க, ஒரே குடைக்குக் கீழே நானும் அவரும் நாயும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி இத்தனை நேரம் நாங்கள் பகலில் விழித்தபடி பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு மணிக்கு மேல் வேர்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி வந்தது. மூன்று மணிக்குப் படகு நேராகி, அடியில் லேசாக ஆடியது. இவர் கழியை எடுத்தார், ஆனால் தள்ளவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சரி, போய்ட்டு வா" என்றார். "இந்தத் தடவ நான் காத்திருக்கேன்."

யார் கேட்டாலும் நல்ல வார்த்தை என்றுதான் சொல்வார்கள். மகளிடம் சொன்னபோது அவள் அழுதேவிட்டாள். எனக்கு அப்போது வந்தது எரிச்சல்தான். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து நான் அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அவர் இப்படிச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. போகாதே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், மகளுக்குப் போன் போட்டு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். இவர் பெருந்தன்மையாக நடந்து தொலைத்தார். இன்ஜினைப் போடுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன்.