காட்டு ஏரியில் மஞ்சள் பிள்ளையார்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கனடாவுக்கு வந்து மொன்றியல் டவுன்டவுனில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையலுக்கு ஏறி, கடைசியில் சொந்த உணவகமே போட்டேன். வீடு வாங்கினேன். மகளைப் பொறியியலாளர் ஆக்கினேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் வடக்கே காட்டு ஏரிகளில் நடந்தது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மகளும் மருமகனும் நாலு நாள் கனூப் பயணத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கனூ என்றால் ஒடுக்கமான சிறிய வள்ளம். ஒரு ஏரி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். மூன்றாம் நாள் அப்படித் தூக்கும்போது மருமகன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.

நாலாம் நாள் காலை அவருடைய விரல்கள் நீலம் பாரித்திருந்தன. சாப்பாடு முடிந்துவிட்டது. கைபேசிக்குத் தொடர்பு இல்லை. பின்னேரத்துக்குள் கடைசி ஏரிக்கரைக்குப் போனால்தான் எங்களை ஏற்ற வரும் வண்டியைப் பிடிக்கலாம். எந்த வேலை தொடங்கினாலும் செய்வதுபோல, மஞ்சள் குழைத்துப் பிள்ளையார் பிடித்து, பாறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

மகள் வரைபடத்தை விரித்தாள்.

"உந்தப் படத்தை மடிச்சு வை பிள்ளை. நான் கடலிலை வளந்தவன். காத்து வழி சொல்லும்."

காற்று இடக் கன்னத்தில் படும்படி வள்ளத்தை விட்டால் நேராகப் போகலாம். ஊரில் சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் நான் படித்த படிப்பு அது. மூன்று மணித்தியாலம் துடுப்பு வலித்தேன். தீவுக்குப் பின்னால் தீவு. சிவப்பு மரம், மஞ்சள் மரம், திரும்பவும் சிவப்பு மரம். சூரியன் முகிலுக்குள்.

மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "மாமா, காத்து இப்ப என்ன சொல்லுது?"

"கொஞ்சம் மெல்லமாச் சொல்லுது."

அப்போது ஒரு கரையில், பாறைமேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனால் பிள்ளையார்! துள்ளி இறங்கினேன்.

"எங்கட ஆக்கள் இஞ்சை இருக்கினம்! அண்ணை! ஆரும் நிக்கிறியளோ?" என்று காட்டைப் பார்த்துக் கத்தினேன்.

மகள் வள்ளத்தை விட்டு இறங்கவேயில்லை. "அப்பா, அது நீங்கள் காலமை பிடிச்சது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காற்று கன்னத்தை விட்டு மாறவேயில்லையே? மலைகளுக்கு இடையில் காற்று வளைந்து வரும் என்றாள். நான் வளர்ந்த கரையில் மலை ஏது?

அவள் வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தாள். "இப்பதான் எங்கை நிக்கிறம் எண்டு தெரியுது. வலியுங்கோ."

அதன்பிறகு அவள் காட்டிய பக்கமெல்லாம் வலித்தேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வண்டிக்காரர் கதவைச் சாத்தும் நேரத்தில் கரை தட்டினோம். மருமகனுக்கு எலும்பு வெடித்திருந்தது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கை பழையபடி வந்திராது என்றார் வைத்தியர்.

இப்போது விருந்துகளில் மருமகன் இந்தக் கதையைச் சொல்லும்போது, வழி தெரியாமல் போய்விட்டது, மகள் வரைபடம் பார்த்துக் காப்பாற்றினாள் என்று முடித்துவிடுகிறார். மாமனாருக்கு வெட்கம் வரக்கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதை எனக்கு வேண்டாம். என் பிழையை மறைக்கப்போய் என் உழைப்பையும் சேர்த்தல்லவா மறைக்கிறார்? எந்த வளைவில் திரும்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் வழியைத் தவறவிட்டவனும் நான்தான், வலித்துக் கரை சேர்த்தவனும் நான்தான், இரண்டையும் என் கணக்கில் சொல்லியே ஆகவேண்டும்.